சுதந்திர தின ஊர்வலத்துக்கு விண்ணப்பம் போட்டவன்

1

கோயமுத்தூர் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மத்தியானம், "புனாவுல கொண்டாட்டமெல்லாம் எப்படி மாப்ளே?" என்று கேட்டிருந்தார்கள். "மழை, ஜிலேபி" என்று பதில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். மழை பெய்தது உண்மை. ஜிலேபியைக் கண்ணால் பார்த்ததும் உண்மை. மற்றதை இப்படிக் கடிதமாக உங்களுக்கு எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

புனாவில் இருப்பதைப் புலம்பெயர்ந்த வாழ்க்கை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்தால் வந்துவிடலாம். ஆனால் பத்தொன்பது வருஷமாக வீட்டு வாசலைத் தாண்டியதும் நான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். சிலிண்டர் தீர்ந்தால் ஹிந்தி, குழாய் ஒழுகினால் மராத்தி, சம்பளம் கூடவில்லை என்றால் இங்கிலீஷ். தமிழ் என்பது சோறு கேட்கவும் சண்டை போடவும் மட்டும் என்று ஆகிவிட்டது.

பிழைப்பு புனாவை அடுத்த தளேகாவில். அங்கே வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், எழுதி வைக்காதது எதுவும் நடக்கவில்லை என்று நம்புவது. ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு எண், ஒரு தேதி, ஒரு கையெழுத்து. வீட்டில் சாம்பார்ப்பொடி டப்பாவுக்குக்கூடத் திருத்த எண் போட்டு ஒட்டியிருந்தேன். என் மனைவி சாந்தி அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள், யாழினி. பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு, பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மராத்தியை மராத்திக்காரிபோலப் பேசுவாள். தமிழைப் பேசுவது மட்டும் வாடகை வீட்டில் ஆணி அடிப்பதுபோல, பயந்து பயந்து. இங்கே பிள்ளைகள் அப்பாவை நீ என்று கூப்பிடுவது சகஜம் என்பதால் அவளும் என்னை, "அப்பா, நீ சாப்ட்டியா?" என்றுதான் கேட்பாள். சாந்தி தலையில் அடித்துக்கொள்வாள். நான் என் அப்பாவைப் பார்த்து ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. எனக்கு என்னவோ, அவள் கேட்கிறாளே, அது போதும் என்று இருக்கும்.

2

புனாவில் மழைக்காலம் பிறந்துவிட்டால் தவளைக்கு முன்னால் டோல் என்கிற பெரிய மேளம் சத்தம் போட ஆரம்பித்துவிடும். விநாயகர் ஊர்வலத்துக்காக ஊர் முழுக்கக் குழுக்கள் ஒத்திகை பார்க்கும். அந்தக் குழுவுக்குப் பதக் என்று பெயர். ஐம்பது பேர், அறுபது பேர், ஆணும் பெண்ணுமாக, இடுப்பில் ஆள் உயர டோலைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் மேம்பாலத்துக்கு அடியில் அடிப்பார்கள். யாழினி போன வருஷம் எங்கள் பகுதி பதக்கில் சேர்ந்தாள்.

ஆள் உயரம் என்று சொன்னது கொஞ்சம் மிகை. அவள் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கயிறு அழுந்திக் கன்றிப்போய் வருவாள். சாந்தி எண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவாள். ஆனால் நாலு பேர் இருக்கும் அறைக்குள் நுழையக் கூச்சப்படும் பெண், அறுபது பேருக்கு நடுவில் முதல் வரிசையில் நிற்பதைப் பார்த்தபோது, கேட்காதவர்களிடம்கூட அவள் என் பெண் என்று சொன்னேன். இந்த வருஷம் பிள்ளையாரைக் கரைக்கப் போகும் விசர்ஜன ஊர்வலத்தில் முதல் வரிசை இடம் அவளுக்கு உறுதியாகியிருந்தது. அதைச் சொன்ன அன்று அவள் தூங்கவில்லை.

பதக்கில் ஒரு சட்டம் உண்டு. தலைவர் விசில் ஊதும்வரை யாரும் அடியை நிறுத்தக்கூடாது. கை கொப்பளித்தாலும், மழை கொட்டினாலும் கூடாது. பாதியில் நிறுத்துகிறவருக்கு அடுத்த நாள் டோல் கிடையாது.

இது ஒருபக்கம் இருக்கட்டும். எங்கள் குடியிருப்பில் சுதந்திர தினத்தன்று காலை கொடியேற்றிவிட்டு, கொடி பிடித்துக்கொண்டு சாலை முனைவரை நடந்து திரும்புவார்கள். பிரபாத் ஃபேரி என்று பெயர். முக்கால்வாசிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். முழங்கால் வலிக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் பாதி வழியில் டீக்கடையில் தங்கிவிடுவதும் உண்டு. இதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். பாட்டு பாட ஆள் இருந்தது, கொடி பிடிக்க ஆள் இருந்தது. விண்ணப்பம் எழுதத்தான் ஆள் இல்லை. மதராஸிக்காரர் இருக்கிறாரே, கடிதம் நன்றாக எழுதுவாரே என்று என் தலையில் கட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மாவு விற்கப் போனவனுக்குக் காற்று வந்தாலும் கஷ்டம், உப்பு விற்கப் போனவனுக்கு மழை வந்தாலும் கஷ்டம். காகிதக்காரனுக்கு மட்டும் எந்த ஊரிலும் வேலை உண்டு.

நான் இங்கிலீஷில் எழுதுவேன், யாழினி அதை மராத்தியில் மாற்றி எழுதித் தருவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இதுதான் வழக்கம். ஸ்டேஷனில் அச்சடித்துத் தரும் உறுதிமொழியில் ஆறு நிபந்தனைகள் இருக்கும். ஆறோடு விட என் தொழில்புத்தி விடவில்லை. 'ஊர்வலம் வழியில் எங்கும் நின்று கோஷம் எழுப்பாது' என்று ஏழாவதாக நானே ஒன்றைச் சேர்த்தேன். கீழே அர்ஜ்தார், அதாவது விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயர், கையெழுத்து. அஞ்சு வருஷமாக இப்படியே நடந்தது.

3

இந்த வருஷம் ஜூலையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் சேர்மனோடு பாவூ வந்தார். பாவூ என்றால் அண்ணன். அவருக்கு வேறு பெயர் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்துப் பகுதியில் ஒரு இளைஞர் சேனை வைத்திருக்கிறார். சேனையின் பெயரில் ஓர் ஆயுதமும் ஒரு மிருகமும் வரும். கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கொரோனா நாட்களில் எங்கள் வாசலில் காய்கறி இறக்கிய வண்டி அவருடையதுதான். அவருடைய தம்பிதான் பதக்கின் தலைவன், யாழினிக்கு டோல் கற்றுக்கொடுத்தவன்.

"மணி சார், இந்த வருஷம் கிழவர்கள் நடைபோல வேண்டாம். பதக் முன்னால் போகட்டும். சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாகச் சுற்றி வரலாம். உங்களைப்போல யாரால் எழுத முடியும்?" என்றார் மராத்தியில். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. கடைசி வாக்கியம் முழுசாகப் புரிந்தது.

அன்று சாயங்காலம் யாழினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் எழுந்து போகவே இல்லை.

"அப்பா, ப்ளீஸ் நா. ரூட்ல ஒரு லைன் மட்டும் ஆட் பண்ணு. விசர்ஜனுக்கு முன்னாடி எங்களுக்கு ப்ராக்டிஸ் ஆகும்."

"பண்ணுங்கன்னு சொல்லு" என்றாள் சாந்தி சமையலறையிலிருந்து.

"பண்ணுங்க. ப்ளீஸ் நா."

சேர்த்தேன். தொழிற்சாலையில் ஓர் ஆணி மாற்றுவதென்றால் நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன், இந்தச் சந்து வழியை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சேர்த்தேன். அந்தச் சந்து எனக்குத் தெரியாததும் இல்லை. அங்கே சின்ன மசூதி ஒன்று இருக்கிறது. அதற்கு நேர் எதிரில் யூனுஸ் பாயின் தையல்கடை.

சாந்திக்குத்தான் பொறி தட்டியது.

"ஏனுங்க, அந்தச் சந்துக்குள்ள மொத்தமா நாப்பது வீடு இருக்குமா? அதுக்குள்ள எதுக்குங்க அறுபது டோலு?"

"ஊர்வலம்னா எல்லாத் தெருவுக்கும்தான் போகும்."

"அஞ்சு வருசமாப் போகலையே. உங்களுக்கு என்ன, அம்முணி ரெண்டு வார்த்த பேசிட்டாப் போதும், ஊரையே எழுதிக் குடுத்துருவீங்க."

நான் ஏழாவது நிபந்தனையை எடுத்துக் காட்டினேன். அவள் கரண்டியை எடுத்துக் காட்டினாள்.

யூனுஸ் பாய்க்கு விஷயம் தெரிந்தபோது நான் அவர் கடையில்தான் இருந்தேன். பதக்கின் அறுபது வெள்ளை ஜிப்பாவையும் தைத்தவர் அவர். யாழினியின் தோளுக்கு அளவெடுத்து, "மகளே, கை வீசி அடிக்க வேண்டுமே" என்று அக்குளில் ஒரு விரல் துணி கூடவே விட்டவர். அறுபது வயதுக்காரர், எங்கள் பகுதியில் என்னைவிட நாற்பது வருஷம் மூத்த குடி. "ஊர்வலம் எங்கள் சந்துக்கு வருகிறதா? யார் விண்ணப்பம் போட்டது? நீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். இங்கே சுதந்திர தினத்துக்கு ஜிலேபி சாப்பிடுவது வழக்கம். "அப்படியென்றால் ஜிலேபி என் செலவு" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

4

ஊர்வலத்துக்கு முன்னால் ஊர்க்கதை கொஞ்சம். கோயமுத்தூர்க்காரனுக்கு இதெல்லாம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

தெரியும். நான் பாலிடெக்னிக்கில் படித்த காலத்துக் கலவரத்தில் நம் கடைவீதி ஷட்டர்கள் பட்டப்பகலில் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் அப்பா மில்லிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கதவைத் தாழ்போடுவார். என்னோடு படித்த முஸ்லிம் பையன் ஒருவன் கல்லூரிக்கு வருவதை நிறுத்தினான். அவன் வீடு உக்கடம் பக்கம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தேன். அப்பா சைக்கிளின் பூட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"நமக்கெதுக்குடா வம்பு? போனமா வந்தமான்னு இருக்கோணும்."

அவர் நல்லவர். பயந்தவரும்கூட. அந்தப் பையனைப் பிறகு நான் பார்க்கவே இல்லை. புனாவுக்கு வரும்போது பெட்டியில் என்னென்னவோ எடுத்து வந்தேன். அப்பாவின் அந்த வாக்கியம் சொல்லாமலே கூட வந்துவிட்டது. ஆனால் இங்கே பிறந்த பெண்ணுக்கு நான் இதையெல்லாம் சொன்னதில்லை. எதற்கு என்று விட்டுவிட்டேன்.

5

பதினைந்தாம் தேதி காலை தூறல். கொடியேற்றி, பாட்டுப் பாடி, எட்டு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் பதக், பின்னால் காகிதக் கொடியோடு குழந்தைகள், அதற்குப் பின்னால் முழங்கால்கள். எல்லோர் கையிலும் கொடி இருந்தது. கோப்போடு வந்தவன் நான் ஒருவன்தான். அனுமதிக் கடிதம், உறுதிமொழி, வரைபடம் எல்லாம் மழைக்குப் பயந்து பாலிதீன் உறைக்குள்.

சாலை முனையில் இருபது முப்பது மோட்டார் சைக்கிள்கள் காத்துக்கொண்டிருந்தன. சைலன்சரைக் கழற்றிவிட்ட வண்டிகள். அவர்கள் பிடித்திருந்த கொடி வேறு. பாவூ கையசைத்ததும் பதக்குக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் நுழைந்தார்கள். குழந்தைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்கள். சேர்மன் தனக்கு முழங்கால் வலி என்று டீக்கடைக்குள் போனார். அவருக்கு வலி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பாரத மாதாவுக்கு ஜே என்றவரைக்கும் என் குரலும் சேர்ந்துதான் ஒலித்தது. சந்து திரும்பியதும் கோஷம் மாறியது. இந்த நாட்டில் யார் இருக்கலாம், யார் எந்த எல்லையைத் தாண்டிப் போக வேண்டும், போகாவிட்டால் என்ன ஆகும் என்கிற வகை. எழுதக் கை வரவில்லை. மசூதி வாசலுக்கு நேராகப் பாவூ கையைத் தூக்கினார். ஊர்வலம் நின்றது. டோல் மட்டும் நிற்கவில்லை. இன்னும் வேகமாக என்று அவர் விரலைச் சுழற்றினார். சந்தின் இரண்டு பக்கச் சுவரும் அதிர்ந்தது.

யூனுஸ் பாய் கடைப் படியில் நின்றிருந்தார். புது குர்தா. சட்டைப்பையில் ஒரு சின்னக் கொடி குத்தியிருந்தார். கையில் பெரிய தாம்பாளம் நிறைய ஜிலேபி. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் போனேன். வீரத்தில் போனதாக நினைக்க வேண்டாம். என் பெயர் போட்ட காகிதத்தில் எழுதியது ஒன்று, கண்ணெதிரே நடப்பது ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாத வியாதி எனக்கு. மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் புகுந்து, பாவூவின் முன்னால் போய், பாலிதீன் உறையை நீட்டினேன்.

"மீ அர்ஜ்தார் ஆஹே" என்றேன், எனக்குத் தெரிந்த மராத்தியில். நான்தான் விண்ணப்பதாரர். "ஏழாவது நிபந்தனை. ஊர்வலம் நிற்கக்கூடாது."

பாவூவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் மோசம். என் தோளில் கை போட்டார், அன்பாக.

"அண்ணா" என்றார். தெற்கத்திக்காரன் எவனாக இருந்தாலும் இங்கே அண்ணாதான். "அர்ஜ் தும்சா, தேஷ் ஆம்சா."

விண்ணப்பம் உங்களுடையது, தேசம் எங்களுடையது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் பாதிச் சிரிப்பு வந்தது. அவர்களோடு சேர்ந்து சிரித்தேன், ஆமாம். பத்தொன்பது வருஷமாக இப்படிச் சிரித்துத்தான் இந்த ஊரில் பழகியிருக்கிறேன், வாய் தானாகப் போய்விட்டது. அதற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்போதுதான் யாழினியைப் பார்த்தேன். முதல் வரிசை, இடது பக்கம். ஜிப்பா நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. முகம் முழுக்கச் சந்தோஷம். அடிக்கிறவர்களுக்கு வருமே, உலகம் மறந்துபோகிற சந்தோஷம், அது. கோஷம் அவள் காதில் விழுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயம் வந்தது. பாவூவைப் பார்த்து வந்த பயமில்லை அது. என் பெண் இவர்களில் ஒருத்தி ஆகிவிட்டாளா, அந்த ஒரே கேள்விதான் எனக்கு. வழியைக் காட்டி, கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்து விட்டவன் நான்.

ஒரு வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கி வந்தது. தாம்பாளம் தட்டிவிடப்பட்டது. தெரியாமல் பட்டது என்று அந்த ஆள் பிறகு சொன்னானாம். ஜிலேபி முழுவதும் சேற்றில். யூனுஸ் பாய் குனிந்து தாம்பாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். உள்ளே போய் ஷட்டரை இறக்கினார்.

யாழினி அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். கை ஒரு அடி தவறியது. ஒரே ஓர் அடி. பிறகு மறுபடி மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. விசில் ஊதும்வரை அவள் நிறுத்தவில்லை.

6

யாழினி நேராக வீட்டுக்கு வந்தாள். குளித்தாள், சாப்பிட்டாள், அறைக்குள் போனாள். சாந்தி ஜிப்பாவைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"கேளுங்க அவளை."

"என்னன்னு கேக்கறது?"

"உங்களுக்குக் கேக்கத் தெரியாது. எழுதத்தான் தெரியும்."

மறுநாள் நான் யூனுஸ் பாயைப் பார்க்கப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் என்ன செய்வீர்கள் சாப், விடுங்கள்" என்றார். பித்தான் தைத்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது சொன்னார்: "என் வீட்டுக்காரி வேண்டாம் என்றுதான் சொன்னாள். விண்ணப்பத்தில் உங்கள் பெயர் இருக்கிறது என்றேன். அதை நம்பித்தான் ஜிலேபி சொன்னேன்."

குனிந்து வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து காகிதம் வந்தது. பாவூவுக்கு இல்லை, சேனைக்கு இல்லை, எனக்கு. நிபந்தனை மீறப்பட்டது, விண்ணப்பதாரர் எழுத்துமூலம் விளக்கம் தரவும். நான் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய விளக்கங்களிலேயே சிறந்தது என்று சொல்லலாம். 'அடையாளம் தெரியாத சிலர் ஊர்வலத்தில் நுழைந்து தாமதம் ஏற்படுத்தினர். இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ளப்படும்.' யார் மேலும் பழி இல்லை. யாருக்கும் பகை இல்லை. தொழிற்சாலையில் இப்படி எழுதித்தான் நாங்கள் எத்தனையோ உடைந்த பாகங்களை அனாதையாக்கியிருக்கிறோம்.

வழக்கம்போல மராத்தியில் மாற்றி எழுதச் சொல்லி யாழினியிடம் நீட்டினேன். ஒரு வரி எழுதினாள். பேனா நின்றது.

"அப்பா, அடையாளம் தெரியாதவங்களா?"

"அப்படித்தான் எழுதுவாங்க கண்ணு."

"எனக்குத் தெரியும் நா. எல்லாரையும் தெரியும். நிக்கச் சொன்னது பாவூ. ஃபாஸ்ட்டா அடின்னு சைகை காட்டினது பாவூ. விசில் ஊதாம இருந்தது அவனோட தம்பி. தாலி தட்டினவன் எங்க ஜூனியர் காலேஜ். பேர் சொல்லட்டுமா?"

தாலி என்றால் இங்கே தாம்பாளம்.

"பேரெல்லாம் எழுதினா வம்பு, அம்முணி. நாளைக்கு உனக்கு டோல் தரமாட்டாங்க."

"தெரியும்."

"விசர்ஜனுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"தெரியும்னு சொல்றேன்ல!" கத்திவிட்டாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். கோர்வையாக வரவில்லை, தமிழும் மராத்தியும் கலந்து வந்தது. அவளுக்குக் கோஷம் கேட்டது. எல்லாம் கேட்டது. கேட்டும் கை நன்றாக அடித்தது, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "யூனுஸ் சாச்சா என்னைப் பாத்தார் அப்பா. நான் நிறுத்தல. ஒரு பீட் விட்டேன், அப்பறம் பிடிச்சிட்டேன். எதுக்குப் பிடிச்சேன்?"

சாந்தி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். உக்கடம் பையனைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாக நான் யாழினியிடம் சொன்னேன். சைக்கிள், சாவி, எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "சாவி இல்லைன்னா நடந்து போயிருக்கலாம்ல?" என்றாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எனக்குத் தோன்றாத யோசனை அது.

7

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு அவளும் வந்தாள். வேண்டாம் என்றேன். "உனக்கு மராத்தி வராது" என்றாள். இருவரும் கிளம்பினோம்.

சப் இன்ஸ்பெக்டர் பொறுமையான மனிதர். டீ வரவழைத்தார். கேமராவில் ஊர்வலம் நின்றது தெளிவாகத் தெரிகிறது என்றார். சத்தம் பதிவாகவில்லை, கோஷத்தைப் பற்றி யாரும் புகார் தரவில்லை. "நிற்காது என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தான். அந்த ஏழாவதை நீங்கள் சேர்க்காமல் இருந்திருந்தால் இந்த நோட்டீசே வந்திருக்காது" என்றார் வருத்தத்தோடு. என் உத்தியோகத்தில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

"அடையாளம் தெரியாத சிலர் என்று இரண்டு வரி கொடுங்கள். முடித்துவிடலாம்" என்றார்.

என் பையில் அந்த இரண்டு வரியும் இங்கிலீஷில் இருந்தது. நான் அதை எடுப்பதற்குள் யாழினி பேச ஆரம்பித்தாள். மராத்தியில், நிதானமாக, எங்கும் தடுக்காமல். இந்த மொழி என் பெண்ணை என்னிடமிருந்து கொண்டுபோகிறது என்று எத்தனை கடிதத்தில் உங்களிடம் புலம்பியிருக்கிறேன்! அன்று அந்த மொழியில் அவள் பேசப் பேச, ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. எந்த இடத்தில் நின்றது, யார் நிறுத்தியது, என்ன கோஷம், எந்தச் சொற்கள். நான் எழுதக் கூசியதை எல்லாம் அவள் அப்படியே சொன்னாள். பெயர்களைச் சொன்னாள். பாவூவின் உண்மையான பெயரை நான் முதல்முறையாகக் கேட்டது அங்கேதான்.

சப் இன்ஸ்பெக்டர் முதல் பெயரைக் கேட்டதும் டீயை வைத்தார். இரண்டாவது பெயருக்கு என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தை இழுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

"வேறு யாராவது?" என்றார் கடைசியில், பேனாவை மூடியபடி.

"உண்டு" என்றாள் யாழினி. "நான். விசில் வரும்வரை நானும் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். என் பெயரையும் எழுதுங்கள்."

அவர் சிரித்தார், தகப்பனைப்போல. "நீ சின்னப் பெண். சாட்சி நீ. உன் பெயர் அந்தப் பட்டியலில் எதற்கு? அப்பாவைக் கேள்" என்றார்.

யாழினி என் பக்கம் திரும்பவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"எழுதிக்குங்க சார்" என்றேன்.